பழைய லொறியின் ஸ்டியரிங் கொலம் பேரிங் மாற்றுதல்: முதன்முறை கைவைப்போருக்கு

1958இல் இங்கிலாந்தின் டன்ஸ்டபிள் தொழிற்சாலையிலிருந்து வெளிவரத் தொடங்கிய பெட்ஃபோர்ட் ஜே வகை லொறியாக இருக்கட்டும், அதே காலத்து ஒஸ்டின், கொமர் வகைகளாக இருக்கட்டும், ஸ்டியரிங் வீலை இரு கைகளாலும் பற்றி மேலும் கீழும் அசைக்கும்போது அது கொலத்தின் (வீலின் தண்டும் அதைச் சூழ்ந்த வெளிக்குழாயும் சேர்ந்த பகுதியின்) வாயில் ‘டக் டக்’ என்று தட்டுமானால், மேல் பேரிங்கின் ஆயுள் முடிந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஓரளவு கருவிகளும் பொறுமையும் உள்ள ஒருவர் தாமே செய்து முடிக்கக்கூடிய வேலை இது. ஆயினும் பழையதைக் கழற்றிப் புதியதைத் தட்டி இறக்கிவிட்டால் போதும் என்று எண்ணுபவர்களுடைய லொறியில் சில மாதங்களிலேயே அதே ஆட்டம் திரும்பி வருவதுண்டு. பேரிங் தேய்வதற்கு வயது மட்டுமே காரணமாக இருப்பது அரிது. கொலம் கோணலாக இழுபட்டு நிற்பதும், அளவு பொருந்தாத பேரிங்கை முன்னர் எவரோ போட்டுவைத்திருப்பதும் பல வேளைகளில் உண்மையான காரணங்களாகும். ஆகவே கழற்றும் முறையை விட, சரியான அளவைக் கண்டுபிடிப்பதற்கும் கொலத்தை நேராக அமர்த்துவதற்கும் இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

குறை பேரிங்கில்தானா?

ஸ்டியரிங்கில் ஆட்டம் என்று ஒரே சொல்லில் சொல்லப்படுவது மூன்று வெவ்வேறு குறைகளாக இருக்கலாம். வீல் மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைவது ஒன்று. அதுவே பேரிங்கின் குறை. வீலைச் சுழற்றும்போது சிறிது தூரம் வெறுமனே சுழன்று, அதன் பின்னரே முன் சில்லுகள் திரும்புவது இரண்டாவது. அதற்கும் கொலம் பேரிங்குக்கும் சம்பந்தமில்லை. உதவிக்கு ஒருவரைக் கபினில் அமர்த்தி, வீலை இடமும் வலமுமாகச் சிறிதளவு திருப்பச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே ஸ்டியரிங் பெட்டியிலிருந்து வெளிவரும் ட்ரொப் ஆர்மைப் பாருங்கள். வீல் திரும்பியும் அந்த ஆர்ம் அசையாவிட்டால் குறை பெட்டிக்குள்ளோ கொலத்தையும் பெட்டியையும் இணைக்கும் கப்ளிங்கிலோ இருக்கிறது. ஆர்ம் உடனே அசைந்தும் சில்லு தாமதித்தால் மூட்டுகளையும் கிங் பின்னையும் (முன் சில்லு திரும்புவதற்கான அச்சாணியையும்) பார்க்க வேண்டும். மூன்றாவது, வீலை உங்களை நோக்கி இழுத்தால் தண்டு முழுவதுமே மேலே வந்து, தள்ளினால் கீழே போவது. தண்டும் பெட்டியும் ஒன்றாக அமைந்த லொறிகளில் இது பெட்டியின் உட்பேரிங்குகளைச் சரிசெய்ய வேண்டும் என்பதன் அடையாளம்.

மேல் பேரிங்கைப் பரிசோதிக்கும்போது ஓர் எளிய உபாயத்தைக் கையாளலாம். இடது கையால் கொலத்தின் வெளிக்குழாயை, வீலுக்குச் சற்றுக் கீழே, இறுகப் பற்றிக்கொண்டு வலது கையால் வீலை அசையுங்கள். குழாயும் சேர்ந்து அசைந்தால் டேஷ்போர்டுக்குக் கீழேயுள்ள கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. அரை மணி நேர வேலையோடு பிரச்சினை தீர்ந்துவிடக்கூடும். குழாய் அசையாமல் தண்டு மட்டும் உள்ளே தட்டினால் பேரிங்தான். ஒலியும் துணைபுரியும்: காய்ந்துபோன புஷ் (குண்டுகள் இல்லாத வெறும் வளையம்) கீச்சிடும், குண்டுகள் உள்ள பேரிங் துருப்பிடித்தால் மணல் அரைபடுவது போன்ற கரகரப்பு விரல்களுக்கே தெரியும்.

மேல் பேரிங்கின் எதிரி பெரும்பாலும் சாரதியேதான். உயரமான கபினுக்குள் ஏறும்போது கைப்பிடியை விட்டுவிட்டு ஸ்டியரிங் வீலைப் பற்றித் தொங்கி ஏறும் பழக்கம் நம்மவர்களிடம் பரவலாக உண்டு. தண்டைச் சுழலவிடுவதற்காக அமைந்த ஒரு சிறு பேரிங் ஓர் ஆளின் பாரத்தை ஒவ்வொரு நாளும் பக்கவாட்டில் தாங்க நேர்கிறது. கீழ்ப் பேரிங்குக்கு எதிரி தண்ணீர். கொழும்பின் கடற்காற்றில் இரும்பு எப்படியும் துருவேறும். அதோடு தென்மேல் பருவமழையில் தேங்கிய வெள்ளத்துக்குள் லொறியை இறக்கி ஓட்டினால், தரைத்தட்டின் இறப்பர் உறை கிழிந்திருக்கும் வண்டிகளில் சேற்றுநீர் நேராகக் கீழ்ப் பேரிங்குக்குள் போய்விடும்.

உங்களுடைய கொலம் எந்த வகை?

ஸ்பனரைத் தொடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய பிரித்தானிய லொறிகள் பலவற்றில் ஸ்டியரிங் வீலிலிருந்து பெட்டிக்குள் இருக்கும் வேர்ம் என்ற திருகுப்பல் வரைக்கும் தண்டு ஒரே துண்டாக வரும். இவ்வகையில் கீழ் முனையைப் பெட்டியின் உட்பேரிங்குகளே தாங்குவதால், தனியாகக் கீழ்ப் பேரிங் என்று எதுவும் இராது. மேலே மட்டும் ஒரு பேரிங்கோ, வெண்கலம், நைலோன், ஃபெல்ட் ஆகியவற்றில் ஒன்றாலான புஷ்ஷோ இருக்கும். மற்ற வகையில், கொலத்தின் தண்டு கீழே முடிந்து, இறப்பர்த் தட்டுக் கப்ளிங் அல்லது யூனிவர்சல் ஜொயின்ட் மூலம் பெட்டியோடு இணைந்திருக்கும். இதில் மேலும் கீழும் இரண்டு பேரிங்குகள் உண்டு. கொலத்தை முழுமையாக வெளியே எடுத்து மேசைமேல் வைத்து வேலை செய்யலாம். பொனட்டைத் திறந்தோ கபினின் கீழ் படுத்தோ டோர்ச் அடித்துப் பார்த்தால், குழாய் நேராகப் பெட்டியில் போய் முடிகிறதா, நடுவில் கப்ளிங் இருக்கிறதா என்பது உடனே விளங்கிவிடும். கியர்க் கம்பு கொலத்திலேயே பொருத்தப்பட்ட ஜப்பானிய லொறி என்றால், கியர் இணைப்புக் கம்பிகளையும் கழற்ற வேண்டியிருக்கும். அவற்றைப் படமெடுத்து, ஒவ்வொன்றிலும் குறியிட்டு வைக்காமல் கைவைக்க வேண்டாம்.

கழற்றுதல்

சமதளமான இடம் அவசியம். வீட்டு முற்றம் போதாதவர்கள் ஒழுங்கையிலோ வீதியோரத்திலோ இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. ஸ்டியரிங் கழற்றிய லொறியைத் தள்ளி ஒதுக்கக்கூட முடியாது. பேரிங் கிடைக்கும் வரை அது அங்கேயே நிற்கும் என்பதை நினைவில் கொண்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன் சில்லுகளை நேராக நிறுத்துங்கள். பற்றரியைக் கழற்றும்போது செசியோடு இணைந்திருக்கும் முனையை முதலில் கழற்ற வேண்டும். பழைய பிரித்தானிய வண்டிகளில் பல நேர்முனையைச் செசியோடு இணைத்தவை என்பதால், கறுப்பு வயர்தான் எர்த் என்று கண்ணை மூடிக்கொண்டு எண்ண வேண்டாம். ஸ்பனர்களும் அங்குல அளவாக இருக்க வேண்டும். மில்லிமீற்றர் ஸ்பனரைச் ‘சுமாராகப் பொருந்துகிறது’ என்று போட்டால் நட்டின் மூலைகள் மழுங்கும். மிகப் பழைய சில வண்டிகளுக்கு விட்வேர்த் என்ற பழைய பிரித்தானிய அளவே தேவைப்படும்.

ஹோர்ன் பொத்தானை எடுத்து, வயரைக் கழற்றி, வீலின் நட்டைப் பாருங்கள். அதைத் தளர்த்துவதற்கு முன்பே தண்டின் முனையிலும் வீலின் நடுப்பகுதியிலும் ஒரே கோட்டில் ஒரு சிறு உளிக்குறி இட்டுவிடுங்கள். பிறகு நட்டை முழுமையாகக் கழற்றாமல், அதன் மேல்விளிம்பு தண்டின் முனையோடு சமமாக வரும் வரை தளர்த்தி அப்படியே விடுங்கள். இல்லையெனில் வீல் திடீரென்று விடுபடும்போது உங்கள் முகத்தில் மோதும். வீலைக் கழற்றப் புல்லர் தேவை. அதன் கால்கள் வீலின் கம்பிகளைப் பற்றாமல் நடுவிலுள்ள இரும்புப் பகுதியைப் பற்ற வேண்டும். பழைய வீல்களின் கடினப் பிளாஸ்டிக் இத்தனை ஆண்டுகளில் நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கும். புல்லரை இறுக்கி, அதன் பொல்ட் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் பெரும்பாலும் விடும். விடாவிட்டால் துருநீக்கி எண்ணெய் ஊற்றி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள்.

தண்டின் முனையில் சுத்தியலால் அடித்து வீலைக் கழற்றும் வழக்கத்தை கராஜ்களில் காணலாம். அதை உங்கள் வண்டியில் அனுமதிக்க வேண்டாம். தண்டு ஒரே துண்டாக இருக்கும் வகையில் அந்த அடி நேராகப் பெட்டிக்குள் இறங்கி, வேர்ம் பேரிங்குகளின் பாதையில் பள்ளம் விழுத்தும். மேல் பேரிங்கை மாற்றப் போய்ப் பெட்டியையும் பிரிக்க வேண்டிய நிலை வரும். அறுபதுகளின் பிற்பகுதிக்குப் பின் வந்த சில கொலங்கள் விபத்தின்போது உள்வாங்கும்படி அமைக்கப்பட்டவை. அவற்றை அடித்தால் கொலமே பழுதாகிவிடும்.

வீல் வந்த பிறகு சிக்னல் சுவிட்சைக் கழற்றி ஒதுக்கிவிட்டால் மேல் பேரிங் கண்ணுக்குத் தெரியும். ஒரே துண்டுத் தண்டுள்ள லொறிகளில் கொலத்தை இறக்காமலேயே, மேலிருந்தபடி இதை எடுத்துவிட முடிவது வசதி. அவற்றில் சிலவற்றில் ஹோர்ன் வயர் ஒரு மெல்லிய குழாயினூடாகத் தண்டின் நடுவே இறங்கிப் பெட்டியின் அடியால் வெளிவரும். அந்த அடி நட்டைத் தளர்த்தினால் பெட்டியின் எண்ணெய் முழுவதும் வழிந்துவிடும் என்பதால், அவசியமில்லாமல் அதைத் தொட வேண்டாம்.

கப்ளிங் உள்ள வகையில், கப்ளிங்கிலும் தண்டிலும் முதலில் குறியிடுங்கள். கப்ளிங்கை இறுக்கும் பொல்ட் பல வண்டிகளில் தண்டில் வெட்டப்பட்ட ஒரு பள்ளத்தினூடாகச் செல்வதால், அதைத் தளர்த்தினால் போதாது. முழுவதும் வெளியே எடுத்தால்தான் தண்டு வரும். பிறகு தரைத்தட்டையும், கடைசியாக டேஷ்போர்டுக்குக் கீழேயுள்ள கிளாம்பையும் கழற்றி, இருவராகச் சேர்ந்து கொலத்தைக் கபினுக்குள் இழுத்தெடுங்கள்.

மேசையில் பிரிக்கும்போது சேர்க்ளிப் (பூட்டு வளையம்), வொஷர், ஸ்பிரிங், கொலர் ஆகியவை எந்த வரிசையில், எந்த முகம் மேலே பார்த்தபடி வந்தனவோ அப்படியே ஒரு துணியில் அடுக்கிப் படமெடுத்து வையுங்கள். உதிரிக் குண்டுகள் உள்ள பேரிங் என்றால் அடியில் ஒரு தட்டை வைத்துக்கொண்டே திறக்க வேண்டும். குண்டுகளை எண்ணி, குறைந்தால் தரையில் தேடி, சரியான எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் இறுகியிருக்கும் பேரிங்கை மறுமுனையிலிருந்து ஒரு நீளக் குழாயால், சுற்றிலும் சமமாகத் தட்டி வெளியேற்றலாம்.

தண்டைப் பார்த்தல்

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பின், பேரிங் அமர்ந்திருந்த இடத்தில் விரல் நகத்தைத் தண்டின் நீளவாக்கில் ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது சிக்கினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. வேணியரை (நுண்ணளவு எடுக்கும் கருவியை) எடுத்து, தேய்ந்த இடத்தையும் அதற்குச் சற்று மேலே தேயாத இடத்தையும் அளந்து இரண்டையும் எழுதி வையுங்கள். பேரிங் வாங்குவதற்குரிய அளவு தேயாத இடத்தின் அளவே. தேய்ந்த இடத்தின் அளவு, லேத் (கடைசல்) வேலை தேவையா என்பதை மட்டும் சொல்லும்.

வீல் அமரும் பல் வெட்டுக்களின் அடியிலும் கப்ளிங் பள்ளத்தின் ஓரங்களிலும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெயிலில் வைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் அந்தத் தண்டு பழைய இரும்பு வியாபாரிக்கே உரியது. ஸ்டியரிங் தண்டை வெல்டிங் செய்வது, சூடாக்கி நிமிர்த்துவது, தேய்ந்த இடத்தை வெல்டிங்கால் நிரப்பிக் கடைவது ஆகிய மூன்றையும் எவ்வளவு திறமையான மெக்கானிக் பாஸ் சொன்னாலும் ஏற்க வேண்டாம். சூடுபட்ட இடத்தின் ஓரத்தில் உருக்கின் இயல்பு மாறிவிடுகிறது; அது என்றைக்கு முறியும் என்பதை வெளியிலிருந்து பார்த்து எவராலும் கூற முடியாது.

பஞ்சிகாவத்தையில் பேரிங் வாங்குதல்

மருதானைக்கு அருகிலுள்ள பஞ்சிகாவத்தையில் தேடிக் கிடைக்காத வாகன உதிரிப்பாகம் இல்லை என்று சொல்வார்கள். அது ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் லொறியின் பெயரைச் சொல்லிப் பேரிங் கேட்பதே அங்கே பலரும் ஏமாறும் இடம். ஐம்பது, அறுபது ஆண்டுகளில் அந்த வண்டியின் கொலம் வேறு வண்டியிலிருந்து மாற்றப்பட்டிருக்கலாம், குழாயின் வாய் கடையப்பட்டிருக்கலாம். பழைய பேரிங்கையும், மூன்று அளவுகளை எழுதிய தாளையும் கையோடு கொண்டு செல்லுங்கள்: உள்விட்டம், வெளிவிட்டம், அகலம். முடிந்தால் வேணியரையும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று கடைகளில் எளிதாகக் கிடைப்பவை மில்லிமீற்றர் பேரிங்குகள். அவற்றின் இலக்கத்தைப் படிப்பது சுலபம்: கடைசி இரண்டு இலக்கங்கள் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால், அவற்றை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வரும். 6204 என்றால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீற்றர். 6205 என்றால் 25, 52, 15. இந்த விதிக்கு 03 விலக்கு. 6203இன் உள்விட்டம் 17 மில்லிமீற்றர். ஆனால் உங்களுடைய தண்டு அங்குலத்தில் கடையப்பட்டது. முக்கால் அங்குலத் தண்டுக்கு உரிய ஆர்எல்எஸ் 6 என்ற அங்குலப் பேரிங்கை எடுத்துக்கொள்வோம்: அதன் உள்விட்டம் 19.05, வெளிவிட்டம் 47.63, அகலம் 14.29 மில்லிமீற்றர். இதையும் 6204ஐயும் அருகருகே வைத்தால் கண்ணால் வேறுபடுத்தவே முடியாது. கடைக்காரரும் நல்ல எண்ணத்தோடுதான் 6204ஐ எடுத்து நீட்டுவார். ஆனால் அது தண்டின் மேல் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தளர்வாகவும், குழாய்க்குள் அரை மில்லிமீற்றருக்கு மேல் தளர்வாகவும் நிற்கும். நீங்கள் கழற்றிய ஆட்டத்தையே புதிதாக விலைகொடுத்து வாங்கியதாக முடியும்.

ஆகவே “நானா, உள்விட்டம் முக்கால் அங்குலம், இருபது மில்லிமீற்றர் சரிவராது” என்று தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. அப்படிச் சொன்னால் பல வேளைகளில் உள்ளறையிலிருந்து தூசி படிந்த பெட்டி ஒன்று வரும். அதிலுள்ள பேரிங் நீண்ட காலம் இருப்பில் கிடந்ததாக இருந்தால் அதன் கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். மூடியில்லாத வகையென்றால் கழுவிப் புதுக் கிரீஸ் இட்டுப் பயன்படுத்தலாம். மூடியுள்ளவற்றை ஒருபோதும் மண்ணெண்ணெயில் போடக் கூடாது; உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்து போகும், மீண்டும் நிரப்பவும் வழியில்லை. தெரிவு இருந்தால், இருபுறமும் இறப்பர் மூடியுள்ள 2ஆர்எஸ் வகையைக் கேளுங்கள். இஸட்இஸட் என்ற தகட்டு மூடி தூசியைத் தடுக்குமே தவிர, வெள்ளத்தைத் தடுக்காது. போலிகளும் சந்தையில் உண்டு. வளையத்தில் பொறிக்கப்பட்ட எழுத்துக்கள் மங்கலாகவோ கோணலாகவோ இருந்தாலும், கையில் சுழற்றும்போது சொரசொரத்தாலும், பெட்டியின் அழகை நம்பி வாங்க வேண்டாம்.

அங்குலப் பேரிங் கிடைக்கவே இல்லை என்றால் என்ன செய்வது? பால்மா ரின்னின் தகரத்தை வெட்டித் தண்டைச் சுற்றிச் சொருகி, அதன் மேல் 6204ஐத் தட்டி ஏற்றும் வைத்தியம் எங்கும் நடக்கிறது. அந்தத் தகரம் சில வாரங்களில் நசுங்கி, துண்டு துண்டாகக் குண்டுகளுக்குள் இறங்கும். ஒரு அங்குலத் தண்டில், அதாவது 25.4 மில்லிமீற்றரில், 6205 ஏறாது என்பதற்காகத் தண்டை எமரி தாளால் தேய்த்து மெலியச் செய்வது இதைவிட மோசம். அதன் பின் சரியான பேரிங் கிடைத்தாலும் பயனில்லை. முறையான வழி, தண்டின் மேல் ஏறும் ஒரு சிறு ஸ்லீவ் (உறை வளையம்) கடைவிப்பதே. முக்கால் அங்குலத் தண்டுக்கு 6204ஐப் பொருத்த முயன்றால் ஸ்லீவின் சுவர் அரை மில்லிமீற்றர்கூட வராது. அதைக் கடைவதும் கடினம், அது நிலைத்து நிற்பதும் கடினம். மாறாக 25 மில்லிமீற்றர் உள்விட்டமும் அதே 47 வெளிவிட்டமும் உள்ள 6005ஐ எடுத்தால், சுவர் ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் தடிப்பாக வரும். எந்த லேத்காரரும் அதைச் சரியாகக் கடைந்து தருவார். அகலம் 12 மில்லிமீற்றர் என்பதால் மீதி இடைவெளிக்கு ஒரு வொஷர் வைக்க வேண்டும். வெளிப்புறத்திலும் குழாயின் வாய்க்கு ஒரு மெல்லிய வளையம் தேவைப்படும். தண்டில் விழுந்திருக்கும் பள்ளத்தையும் இந்த உள் ஸ்லீவ் மூடிவிடுவது கூடுதல் நன்மை.

உங்கள் கொலத்தில் இருப்பது புஷ் என்றால் வேலை இன்னும் எளிது. பழைய சோனகத் தெரு, மெசெஞ்சர் வீதிப் பக்கத்து இரும்புச் சாமான் கடைகளில் பொஸ்பர் வெண்கலக் கம்பியை விசாரித்து வாங்கிக் கடைவிக்கலாம். பித்தளையைக் கொடுத்தால் வாங்க வேண்டாம், அது விரைவில் தேயும். நைலோன் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும் தன்மையுடையது. கொழும்பின் ஈரப்பதனில் மிக இறுக்கமாகக் கடைந்த நைலோன் புஷ் தண்டைப் பிடித்துக்கொள்ளக் கூடும் என்பதால், பிளாஸ்டிக்தான் வேண்டும் என்றால் அசிட்டல் வகையே மேல். வெண்கலப் புஷ்ஷைக் குழாய்க்குள் அழுத்தும்போது அதன் துளை சிறிது சுருங்கும். அழுத்திய பின்னரே ரீமரால் (துளையைச் சீராக அகட்டும் கருவியால்) இறுதி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தண்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் 0.05 முதல் 0.10 மில்லிமீற்றர் வரையான இடைவெளி கையால் சுழலும் தண்டுக்குப் போதும். ஃபெல்ட் வகை என்றால், அதை இளஞ்சூடான எண்ணெயில் நன்கு ஊறவைத்துப் போடுவதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பொருத்துதல்

இங்கே விதி ஒன்றுதான்: எந்த வளையம் இறுக்கமாக ஏற வேண்டுமோ அந்த வளையத்திலேயே அழுத்த வேண்டும். குழாய்க்குள் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும். தண்டில் ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும். மற்ற வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகளினூடாகச் சென்று பாதையில் பள்ளம் பதிக்கும், புதுப் பேரிங் முதல் நாளே கரகரக்கும். வெளி வளையத்தின் விட்டத்துக்குச் சற்றே குறைந்த ஒரு சொக்கெட்டை வைத்து, வைஸின் தாடைகளுக்கிடையில் மெதுவாக அழுத்துவது சுத்தியலை விட நல்லது. பேரிங் சாய்வாக இறங்கத் தொடங்கினால் உடனே நிறுத்தி, வெளியே எடுத்து, மீண்டும் தொடங்குங்கள்.

பேரிங்கைப் பொலித்தீனில் சுற்றி ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்து, குழாயின் வாயைக் கொதிநீர்த் துணியால் சூடாக்கினால் அது சுலபமாக இறங்கும். ஆனால் நம்முடைய காற்றில், குளிர்ந்த உருக்கு வெளியே வந்த கணமே அதன்மேல் நீர்த்துளி படியத் தொடங்கும். ஆகவே குழாயைத் துடைத்து, கிரீஸைக் கையருகே வைத்து, எல்லாம் ஆயத்தமான பின்னரே ஃப்ரீசரைத் திறந்து, தாமதமின்றிப் பொருத்திவிட்டு, வெளியே தெரியும் இடங்களைத் துடைத்துக் கிரீஸ் பூசுங்கள்.

உதிரிக் குண்டுகள் உள்ள பேரிங்கில், பாதையில் தடிப்பாகக் கிரீஸ் இட்டு அதில் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்தால் அவை விழாமல் நிற்கும். பழைய குண்டுகளில் ஒன்றிரண்டை மட்டும் மாற்றக் கூடாது. முழுவதையும் ஒரே அளவில் மாற்ற வேண்டும். கால் அங்குலக் குண்டு என்றால் 6.35 மில்லிமீற்றர், சைக்கிள் கடையிலேயே கிடைக்கும். வேகமாகச் சுழலும் பேரிங்கில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கிரீஸ் இடக் கூடாது என்ற அறிவுரை இங்கே பொருந்தாது. கொலம் மெதுவாகச் சுழல்வதால், திறந்த வகையில் இடைவெளி முழுவதையும் லித்தியம் கிரீஸால் நிரப்பிவிடுங்கள்; தண்ணீருக்கு உள்ளே இடமிராது.

கொலத்தை நேராக அமர்த்துதல்

ஸ்டியரிங் பெட்டி செசியில் இறுக்கப்பட்டிருக்கிறது. கொலத்தின் மேற்பகுதி கபினில் இறுக்கப்பட்டிருக்கிறது. செசியும் கபினும் ஒன்றல்ல. அவற்றுக்கிடையில் இறப்பர்த் தாங்கிகள் உண்டு. பல்லாண்டுகள் கடந்த லொறியில் அந்த இறப்பர்கள் நசுங்கி, கபின் சற்றே தாழ்ந்தோ ஒரு பக்கம் சாய்ந்தோ இருக்கும். அப்போது மேல் கிளாம்பை இறுக்கினால் கொலம் அந்தப் பக்கமாக வளைக்கப்பட்டு, தண்டு எந்நேரமும் பேரிங்கின் ஒரே ஓரத்தில் உரசிக்கொண்டிருக்கும். கழற்றிய பழைய பேரிங்கை எடுத்துப் பாருங்கள்: தேய்மானம் ஒரு பக்கத்தில் மட்டும் ஆழமாக இருந்தால், உங்கள் லொறியில் நடந்தது இதுவேயாகலாம்.

எனவே கொலத்தை உள்ளே வைத்த பின், எல்லாப் பொல்ட்டுகளையும் கையால் மட்டும் பிடிக்கவிட்டு, கீழிருந்து மேலாக இறுக்கி வாருங்கள். முதலில் பெட்டி அல்லது கப்ளிங், பிறகு தரைத்தட்டு, கடைசியில் மேல் கிளாம்ப். மேல் கிளாம்பை இறுக்குவதற்கு முன் கையை எடுத்துவிட்டு, குழாய் தானாக எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். கிளாம்பின் நடுவில் அது நின்றால் நல்லது. ஒரு விரற்கடை விலகி நின்றால் அதை இழுத்துக் கட்ட வேண்டாம். கபின் இறப்பர்களை மாற்றுங்கள், அல்லது கிளாம்புக்கும் டேஷ்போர்டுக்கும் இடையில் தகுந்த தடிப்பில் ஒரு தகடு வையுங்கள். இறுக்கும் முன்பும் இறுக்கிய பின்பும் தண்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். இறுக்கிய பின் சிறிதளவேனும் கனமாகச் சுழன்றால் கொலம் இன்னும் இழுபட்டு நிற்கிறது.

இரண்டு யூனிவர்சல் ஜொயின்ட்டுகள் உள்ள கொலத்தில், நடுத்தண்டின் இரு முனைகளிலுமுள்ள கவைகள் ஒரே தளத்தில் அமைய வேண்டும். மாறினால் ஸ்டியரிங் ஒரு சுற்றுக்குள்ளேயே இலகுவாகவும் கனமாகவும் மாறி மாறிச் சுழலும். கப்ளிங் பொல்ட்டின் பழைய பூட்டு நட்டையும் ஸ்பிளிட் பின்னையும் மீண்டும் போட வேண்டாம். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள் அது. வீலை உளிக்குறி பார்த்து அமர்த்தி, அதன் நட்டை வண்டியின் கைந்நூலில் குறிப்பிட்ட முறுக்கு அளவுக்கு இறுக்குங்கள்.

ஓட்டுவதற்கு முன்

முன் அச்சை ஜெக்கில் உயர்த்தி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகச் சுழற்றுங்கள். எந்த இடத்திலும் இறுக்கமோ தட்டலோ இருக்கக் கூடாது. நடுவிலிருந்து இரு பக்கமும் சுற்றுகள் சமமாக இருக்க வேண்டும். சுழற்றும்போதே ஹோர்னை அழுத்திப் பாருங்கள், சிக்னல் தானாக விழுகிறதா என்பதையும், டேஷ்போர்டின் கீழுள்ள வயர்களோ பிரேக் குழாயோ தண்டில் உரசுகின்றனவா என்பதையும் பாருங்கள். ஒரே துண்டுத் தண்டுள்ள வகையில் பெட்டியின் எண்ணெய் மட்டத்தையும் பார்த்து, குறைந்திருந்தால் கைந்நூலில் சொன்ன கியர் எண்ணெயை ஊற்றுங்கள்.

முதல் ஓட்டம் சரக்கில்லாமல், போக்குவரத்துக் குறைந்த அதிகாலையில், குறைந்த வேகத்தில் இருக்கட்டும். வளைவிலிருந்து வெளிவரும்போது வீல் தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டும். முன்பு திரும்பிய வண்டி இப்போது திரும்பத் தயங்கினால் மேல் கிளாம்பைத் தளர்த்தி, மேலே சொன்ன இறுக்கும் வரிசையை மீண்டும் செய்யுங்கள். ஒரு வாரம் ஓடிய பின் கப்ளிங் பொல்ட், தரைத்தட்டு, மேல் கிளாம்ப் மூன்றையும் ஸ்பனர் வைத்துப் பார்க்க வேண்டும். புதிய தகடும் புதிய இறப்பரும் அந்த ஒரு வாரத்தில் சிறிது அமர்ந்துவிடுவதால், கிளாம்ப் பொல்ட் பெரும்பாலும் கால் சுற்றாவது மேலும் இறுகும். வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிப்பதற்கான தகுதிச் சான்றிதழுக்கு லொறியைக் கொண்டு செல்வதாக இருந்தால், இந்த இரண்டாவது இறுக்கலை முடித்த பின்னரே கொண்டு செல்லுங்கள்.